புரசம்பூவும் பத்து நாள் சோதனையும்

பேட்டரி விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவதில் எனக்குச் சாதகமாக இருப்பது இது ஒன்றுதான். எங்கள் வேனில் நான் மாட்டிய லிதியம் பேட்டரிகள் இரண்டும் இன்றைக்கு யாருக்கோ ஒழுங்காக உழைத்துக்கொண்டிருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தெலுங்குச் சீமைக்கு வந்து, ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். கடைசி இருபது வருடம் தரப் பரிசோதனைப் பிரிவு. செய்து முடித்த பெட்டியைச் சூட்டில் வைப்போம், குளிரில் வைப்போம், குலுக்கிப் பார்ப்போம். அதன் பிறகு தொடர்ந்து பத்து ஓட்டம். எங்கள் பிரிவில் ஒரே ஒரு விதி வேதம் போல. பத்தும் தொடர்ந்து தேற வேண்டும். ஒன்பதாவது ஓட்டத்தில் ஒரு சின்ன விளக்கு எரியாமல் போனாலும், அதைச் சரி செய்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். ‘ஒன்பது தேறியதே, பத்தாவது தேறாதா’ என்று கேட்டு வந்தவர்களை நான் உட்காரக்கூடச் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் என்னை ‘ரிஜெக்ட் சார்’ என்பார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

என் மனைவி பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமான கையோடு இங்கே வந்தவர்கள், இங்கேயே ஓய்வும் பெற்றோம். வீட்டில் எங்கள் பேச்சு நெல்லைப் பேச்சுதான். நடுவில் இந்த ஊர் உருதுப் பேச்சின் ‘ஹவ்’வும் ‘நக்கோ’வும் எப்போது புகுந்தன என்று எங்களுக்கே தெரியாது. ‘ஹவ்’ என்றால் ஆமாம், ‘நக்கோ’ என்றால் வேண்டாம். எங்கள் வீட்டில் முதலாவதை அவளும் இரண்டாவதை நானும் அதிகம் சொல்வோம்.

வேலையில் இருந்தபோது ஒரு மாசி மாதம் அவளை வடக்கே நிர்மல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குச் செய்முறைத் தேர்வு நடத்த அனுப்பினார்கள். போகும் வழியெல்லாம், இலை ஒன்றுகூட இல்லாமல் பூ மட்டுமே பூத்து நிற்கும் மரங்களைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். தெலுங்கில் மோதுகு, நம் பக்கத்தில் புரசு. வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

“காடு முழுக்க அடுப்புத் தணலு மாதிரி கெடக்குங்க. அந்த பஸ்ஸு ஒரு எடத்துலயும் நிக்கல.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசியிலும் போக வேண்டும் என்பாள். ஒவ்வொரு மாசியிலும் பரீட்சை இருந்தது, எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் இருந்தது. காரில் போய் லாட்ஜில் தங்கலாம் என்றால் அவளுக்கு லாட்ஜ் பிடிக்காது. அந்தத் தலையணையைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பாள். மரத்துக்குப் பக்கத்திலேயே தூங்கி, கண்ணை விழிக்கும்போது பூ முகத்தில் முழிக்க வேண்டும் என்பது அவளுடைய திட்டம். அவளுக்கு ஓய்வு கிடைத்ததும் ஒரு பழைய பன்னிரண்டு சீட் வேன் வாங்கினோம். மெட்டுகுடாவில் வண்டி வேலை செய்கிற ஒரு பட்டறையில் சீட்டுகளைக் கழற்றி, ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் போட்டுக்கொடுத்தார்கள். பின் கதவைத் திறந்தால் கட்டிலில் படுத்தபடியே வெளியே பார்க்கலாம். அவள் சொல்லி வைத்த அமைப்பு அது.

வண்டி தயாரான வருடம்தான் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடி ஏறியதால் என்று நினைத்தோம். பிறகு வயது என்று நினைத்தோம். நுரையீரல் நார் நாராக இறுகிக்கொண்டு வருகிறது, இதைத் திருப்ப முடியாது, மெதுவாக்கத்தான் முடியும் என்று டாக்டர் சொன்னார். இரவில் தூங்கும்போது ஆக்ஸிஜன் மெஷின் வேண்டும், பகலில் நடந்தால் மட்டும் சின்ன சிலிண்டர் போதும் என்றார். வேனில் ஊர் போகலாமா என்று அவள்தான் கேட்டாள். தாராளமாகப் போகலாம், இப்போதே போய்விட்டு வாருங்கள் என்றார் டாக்டர். அந்த ‘இப்போதே’ அவள் காதில் விழுந்தது. என் காதில் ‘தாராளமாக’ மட்டும் விழுந்தது.

அந்த மெஷின் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும். மூக்கில் மெல்லிய குழாய். ஒரு ஃபிரிட்ஜைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். வீட்டில் கவலையில்லை. வேனில் இரவு முழுக்க, ஒன்பது மணி நேரம் ஓட வேண்டும். வேனில் அப்போது இருந்தவை வழக்கமான இன்வர்ட்டர் பேட்டரிகள் இரண்டு, உள்ளே ஈயத் தகடும் அமிலமும். ஒவ்வொன்றும் அறுபது கிலோ. அவற்றில் பாதிக்கு மேல் எடுத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். மெஷினை வேனில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். குழாயின் நுனியை ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணி நேரத்தில் இன்வர்ட்டர் கத்தத் தொடங்கியது. அரை மணி நேரம் விட்டு விட்டுக் கத்திவிட்டு நின்றது. தம்ளரில் குமிழியும் நின்றது. தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுத் தம்ளரைத் துடைத்து வைத்தேன். குமிழி நின்றதை நான் அவளிடம் சொல்லவில்லை.

லிதியத்துக்கு மாறுவது என்று முடிவு செய்தேன். எடை பாதிக்கும் குறைவு. முக்கால் பங்குக்கு மேல் எடுத்தாலும் தாங்கும். கடைசிவரை வோல்டேஜ் சரியாமல் ஒரே மட்டத்தில் நிற்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், அமில வாடை இல்லை. மூடிய வண்டிக்குள் நுரையீரல் நோயாளி தூங்க வேண்டும் என்றால் அந்த ஒரு காரணமே போதும். ஆனால் பழையதை எடுத்துவிட்டு புதியதை அதே இடத்தில் வைத்தால் ஆயிற்று என்று நினைக்கக் கூடாது. சார்ஜரை மாற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது வரும் கரண்டை லிதியம் பசித்தவன் சோறு கண்டது போல இழுக்கும், வண்டியின் டைனமோ சூடாகிக் கருகிவிடும். அதைக் கட்டுப்படுத்த நடுவில் ஒரு பெட்டி வைக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு மாதம் உட்கார்ந்து படித்துக் குறித்து வைத்தேன்.

மாசி பிறந்த வாரத்தில் மாற்றுவதற்காக மெட்டுகுடா பட்டறைக்கு வண்டியை எடுத்துப் போனேன். அவளும் வருவேன் என்றாள். சின்ன சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். தார்நாகா சிக்னலில் நின்றபோது பக்கத்து பஸ்ஸிலிருந்து ஒரு குழந்தை அவள் மூக்குக் குழாயையே பார்த்தது. அவள் அதற்கு நாக்கைத் துருத்திக் காட்டினாள்.

பட்டறைக்காரர் எங்கள் வண்டியைக் கட்டிலிலிருந்து கதவு வரை செய்தவர், கை சுத்தம், வாய் ஓயாது. ஐந்து மணி நேரம் வேலை நடந்தது. அவள் வேனின் கட்டிலில் சாய்ந்துகொண்டு, பின் கதவு வழியாக ரயில்வே குடியிருப்பின் சந்து ஒன்றை வேடிக்கை பார்த்தாள். சந்தில் துணி காய்ந்தது, ஒருவர் ஸ்கூட்டர் கழுவினார், ஒரு பெண்மணி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அவ்வளவுதான். அவள் அதை மாட்னி ஷோ மாதிரி பார்த்தாள். கொண்டுவந்த தயிர்சாதத்தை அங்கேயே சாப்பிட்டோம். ஊறுகாயை மறந்துவிட்டோம் என்று சொல்லிச் சிரித்தாள். அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

பேட்டரியை மாட்டி முடித்த பட்டறைக்காரர் மீட்டரைத் தட்டிக் காட்டினார்.

“புரானா வாலா ரோ ரோ கே மர்தா சாப். யே சுப்சாப் மர்தா. மீட்டர் தேக்தே ரஹ்னா.”

பழைய பேட்டரி அழுது அழுது சாகும், இது சத்தமில்லாமல் சாகும், மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று அர்த்தம். அவர் சொன்னது சரி. பழையது மெல்ல மங்கி, கத்தி, அறிவித்துவிட்டுத்தான் நிற்கும். லிதியம் கடைசி நிமிஷம் வரை ஒரே மாதிரி இருக்கும். பிறகு உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் பட்டென்று துண்டித்துவிடும். இது தெரிந்த விஷயம்தான். ஆனால் அவர் வாயால் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது.

அவருக்குத் தமிழ் புரியும். அவள் கட்டிலிலிருந்தே அவரைக் கேட்டாள்.

“பாய், இப்போ இதுல நிர்மல் போலாமா?”

“நிர்மலா? ஹவ் அம்மா, ஆராம் சே. அப்பீச் ஜாவ்.”

தாராளமாக, இப்பவே போங்கள் என்றார் அவர். அவள் என் பக்கம் திரும்பினாள். கேலியாகக் கேட்பது போலத்தான் ஆரம்பித்தாள்.

“ஏங்க, அப்படியே மேச்சல் ரோட்டுல திருப்பிருவமா? நாலு மணி நேரந்தானே. மெஷினும் வண்டியிலதான் இருக்கு. சிலிண்டர் ரெண்டு இருக்கு. பூவும் இப்பந்தான் பூத்திருக்கும்.”

“மாத்து சேலைகூட எடுத்துட்டு வரலியே.”

“நான் எடுத்து வச்சிருக்கேன்.”

கட்டிலுக்கு அடியில் ஒரு பை இருந்தது. எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாள். என் வேட்டி, சட்டை, ரத்த அழுத்த மாத்திரை வரைக்கும் அதில் இருந்தன. அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“நக்கோ,” என்றேன். “டெஸ்ட் முடியட்டும்.”

அவள் பையை மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். வழியில் தார்நாகா சிக்னலில் மறுபடி நின்றோம். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் சோதனை தொடங்கியது. தினம் ஒன்பது மணி நேரம், தொடர்ந்து பத்து நாள், ஒரு தடங்கலும் கூடாது. இரவில் மெஷின் அவளுக்கு வேண்டும் என்பதால் சோதனை பகலில். காலை எட்டரைக்கு மெஷினைக் கீழே வேனுக்குக் கொண்டு போவேன். தம்ளர், தண்ணீர், குழாய். அரை மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து ஃபைலில் எழுதுவேன். எங்கள் அடுக்குமாடியில் காருக்கு மட்டும்தான் கூரை, வேன் காம்பவுண்டு ஓரம் வெயிலில் நின்றது. அந்த ஃபைல் தொழிற்சாலையில் வைத்திருந்தது போலவே கட்டம் போட்டது. நேரம், வோல்டேஜ், மீதி சதவீதம், பெட்டியின் சூடு, குறிப்பு.

ஆறு நாள் ஒழுங்காகப் போயிற்று. ஏழாம் நாள் மதியம் மூன்று மணிக்கு மெஷின் பட்டென்று நின்றது. பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. மூடிய வண்டி, மாசி வெயில், உள்ளே மெஷினின் சூடு, இன்வர்ட்டரின் சூடு எல்லாம் சேர்ந்து பேட்டரிப் பெட்டி கொதித்துவிட்டது. சூடு அளவு தாண்டினால் காவல் சர்க்யூட் துண்டித்துவிடும், அதன் வேலையே அதுதான். நான் பெட்டிக்கு ஒரு சின்ன ஃபேன் வைத்துவிட்டு மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து தொடங்கினேன்.

அவள் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். சாயங்காலம் மேலே போனதும் கேட்டாள்.

“ராத்திரி குளிர்ச்சியில ஓட வேண்டிய மெஷின, பகல்ல பட்டை வெயில்ல கதவச் சாத்திப் போட்டு ஓட்டிப் பாக்குதிய. இது என்ன டெஸ்டு?”

“ரொம்ப மோசமான நெலமையிலயும் ஓடணும்லா.”

“சரி, நான் வேன்லயே படுக்கேன். ராத்திரியே ஓட்டிப் பாருங்க. வீட்டு வாசல்லதான நிக்கி? நின்னுபோச்சுன்னா மாடியேறி வந்துருதேன்.”

“மனுசாள வச்சு டெஸ்ட் பண்ணக் கூடாது.”

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். முப்பது வருடம் பிள்ளைகளைக் கட்டி மேய்த்த பார்வை.

“ஏங்க, எங்க பிராக்டிகல்ல மூணு ரீடிங் எடுப்போம். மூணையும் கூட்டி மூணால வகுத்துச் சராசரி எழுதிட்டு அடுத்த வேலையப் பாப்போம். மூணு ரீடிங் போதும். பூமி சுத்துததுக்கே மூணு ரீடிங் போதும்.”

அவள் பக்கம் நியாயம் இருந்தது என்று அன்றைக்கே தெரியும். தெரிந்தேதான் இரண்டாவது சுற்றைத் தொடங்கினேன். அது நாலாம் நாள் நின்றது, ஒரு வயர் முனை லூசாகியிருந்தது. மூன்றாவது சுற்று ஒன்பதாம் நாள் வரை வந்தது. நான் மதியம் சாப்பிட மேலே போயிருந்தபோது சூட்டில் மறுபடி துண்டித்துவிட்டது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. ஒவ்வொரு தடவையும் பழுதைச் சரி செய்ய மூன்று நாலு நாள் போகும். பிறகு ஃபைலில் சிவப்புக் கோடு போட்டு, கீழே ‘ஓட்டம் ஒன்று’ என்று எழுதினேன். அப்படி எழுதும்போது, வெட்கக்கேடு, எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

தார்நாகாவில் இருக்கும் எங்கள் மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். இங்கேயே படித்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

“அப்பா, அம்மா ரெடிகானே உந்தி. நுவ்வே ரெடிகா லேவு.”

அம்மா தயார், நீதான் தயாராக இல்லை என்கிறாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாத காட்டில் மெஷின் நின்றால் யார் பதில் சொல்வது என்று கத்தினேன். “சிலிண்டர் உந்தி கதா?” என்றாள். சிலிண்டர்தான் இருக்கிறதே என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது அரைக்கிணறு தாண்டுகிற யோசனையாகப் பட்டது. ஒரு அமைப்பை நம்ப முடியவில்லை என்றால் அதற்குத் துணை வைத்து ஒப்பேற்றக் கூடாது, அமைப்பையே திருத்த வேண்டும். நான் கற்ற பாடம் அது. நல்ல பாடம்தான். பெட்டிகளுக்கு.

இப்போது சொல்லலாம். அது பாடமும் இல்லை, விதியும் இல்லை, பயம். குமிழி நின்ற அந்தத் தம்ளரை நான் மறக்கவே இல்லை. வீட்டில் அவளுக்கு என்னவானாலும் அது நோயால் ஆனது. ரோட்டில் ஆனால் அது என்னால் ஆனது. அந்தக் கையெழுத்தைப் போட எனக்குத் தைரியம் இல்லை. ‘எனக்குப் பயமாயிருக்கு’ என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள், “எனக்குந்தான்” என்றிருப்பாள், மறுநாள் கிளம்பியிருப்போம். அதைச் சொல்வதற்குப் பதிலாக நாற்பது நாள் தம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலாவது சுற்று தேறியது. பத்து நாள், ஒரு தடங்கல் இல்லை. பங்குனி பாதி தாண்டியிருந்தது, ஊரில் வேப்பம்பூ கொட்ட ஆரம்பித்திருந்தது. நான் ஃபைலை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். பரீட்சையில் தேறிய பையன் மார்க் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது போல ஏறினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசிப் பக்கத்தில் ‘சாட்சி’ என்று ஒரு கட்டம் உண்டு. அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

“பூ கொட்டியிருக்கும்,” என்றாள்.

“அடுத்த மாசிக்கு மொத நாளே கெளம்பிருவோம். இனிமே ஒரு டெஸ்டும் இல்ல.”

அவள் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். சிவப்புப் பேனாவைக் கேட்டாள். ஃபைலை முதல் பக்கத்திலிருந்து ஒன்று விடாமல் பார்த்தாள், பிள்ளைகளின் பதிவேட்டைப் பார்ப்பது போல, ஓரத்தில் டிக் போட்டுக்கொண்டே. கடைசிப் பக்கத்தில், வாழ்நாள் முழுக்க இங்கிலீஷிலேயே மார்க் போட்டவள், தமிழில் எழுதினாள்.

‘பதிவேடு: நன்று, பத்துக்குப் பத்து. செய்முறை: வரவில்லை.’

நான் சிரித்தேன். தன்னைப் பற்றித்தான், தான் போக முடியாமல் போனதைப் பற்றித்தான் அப்படி எழுதியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் பேனாவை மூடி என் கையில் கொடுத்தாள்.

வேறு எங்காவது போகலாம் என்றேன். வைகாசியில் டாக்டர் ஆக்ஸிஜன் அளவைக் கூட்டினார். பகலிலும் மெஷின் என்றார். ஆடியில் இன்னும் பெரிய மெஷின் வந்தது. அதற்கு என் பேட்டரி பாதி இரவுக்குக்கூடப் போதாது. எனக்கு முதலில் வந்த எண்ணம், இன்னும் இரண்டு பேட்டரி சேர்த்தால் என்ன என்பதுதான். காகிதத்தில் கணக்குப் போடவும் ஆரம்பித்தேன். அவள் கட்டிலிலிருந்து அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் காகிதத்தை மடித்து வைத்தேன்.

ஒரு மழை நாள் சாயங்காலம் கரண்ட் போயிற்று. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது, இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். சிலிண்டரில் கொஞ்சம்தான் இருந்தது. வேனிலிருந்து பால்கனி வழியாக நீளமான வயரை மேலே இழுத்து மெஷினைப் போட்டேன். ஓடியது. இரண்டரை மணி நேரம் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லாமல் ஓடியது. மழையில் நனைந்துகொண்டே கீழே போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து, இன்னும் இவ்வளவு இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். என் குரலில் பெருமை இருந்திருக்க வேண்டும்.

“ஓடும்னு எனக்குத் தெரியும்லா,” என்றாள். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, “மெட்டுகுடாலயே தெரியும்,” என்றாள்.

அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். தலையைத் துவட்டிக்கொண்டு நின்றேன்.

ஐப்பசியில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள். மூன்று நாளும் ஒரே மாதிரிதான் இருந்தாள். பேசினாள், இட்லி கெட்டி என்றாள், மகளின் கையில் இருந்த வளையலைப் பார்த்துப் புதுசா என்று கேட்டாள். மூன்றாம் நாள் மத்தியானம் நான் காப்பி வாங்கிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. எல்லாரும் நல்ல சாவு என்றார்கள். எனக்குப் பட்டறைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். நான் எந்த மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன். கையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

வேன் காம்பவுண்டு ஓரத்திலேயே நின்றது. மாதம் ஒரு தடவை இறங்கிப் போய் பேட்டரியைப் பாதி அளவுக்குச் சார்ஜ் செய்து வைப்பேன். லிதியத்தை நாள் கணக்கில் சும்மா வைப்பதென்றால் முழுசாக நிரப்பி வைக்கக் கூடாது, காலியாகவும் விடக் கூடாது. அது மட்டும் தவறாமல் நடந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த பையை மகள் எடுத்துக்கொண்டு போனாள். தை மாதம் அவளே ஆள் பார்த்துச் சொன்னாள், வண்டியை வாங்கிக்கொள்ள ஒரு புருஷன் பெண்டாட்டி வருகிறார்கள், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, நீ எதுவும் முரண்டு பிடிக்காதே என்று.

தெலுங்குக்காரர்கள். இங்கிலீஷும் தெலுங்குமாகப் பேசினார்கள், அதைத் தமிழிலேயே சொல்கிறேன். பையன் எஞ்சினைப் பார்க்கப் போனான். அந்தப் பெண் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, பின் கதவைத் திறந்து வெளியே பார்த்தாள். அங்கே எங்கள் காம்பவுண்டுச் சுவர்தான் தெரிந்தது. நான் ஃபைலைக் கொடுத்தேன். பேட்டரி, சார்ஜர், டைனமோவுக்கு நடுவில் இருக்கும் பெட்டி, சூட்டுக்கு வைத்த ஃபேன், நாலு சுற்று சோதனை எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும், “சூப்பர் அங்கிள். எங்கெல்லாம் போயிருக்கீங்க இதுல?” என்றாள்.

என் ஃபைலில் அதற்குக் கட்டம் இல்லை.

“மெட்டுகுடா,” என்றேன்.

நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். ஃபைலைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். சிவப்பு மையில் இருந்ததன் மேல் விரல் வைத்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

“இது என்ன எழுதியிருக்கு அங்கிள்?”

“ரெக்கார்டு நல்லாருக்கு, பத்துக்குப் பத்து. பிராக்டிகலுக்கு வரலை.”

“யார் வரலை?”

“நான்தான்மா,” என்றேன்.

அவள் ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பையன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறீர்களா, மெஷின் ஏதாவது போட்டுப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் அங்கிள், போற வழியில் பார்த்துக்கொள்கிறோம் என்றான். அன்று சாயங்காலமே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.